ஆழம் அளந்த அறிஞர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது உள்ளன. அவ்வளைவுகளைக் கடந்து மேலே செல்வோர்க்குச் செவிகள் அடைத்துக்கொண்டாற்போன்ற உணர்வு தோன்றும். எச்சிலை இருமுறை விழுங்கினால் அது நீங்கும். இதற்குக் காரணம் யாது? நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக்கும் எடை உண்டு. அவ்வெடை எப்பொழுதும் நம் உடலை அழுத்திக்கொண்டே இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் அவ்வழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்கு அளவே ஆகும். செவியின் உள்ளிருக்கும் காற்று இம்மாறுதலுக்கு ஈடுகொடுக்க முயல்வதே அவ்வடைப்புக்குக் காரணம்.

காற்றின் எடையே இவ்வாறு செய்யுமாயின், நீரின் எடை எத்தகையதாக இருக்கும்? ஏற்காட்டு ஏரியில் நிரம்பி வழியும் நீர், கிளியூரில் 300 அடி உயரத்திலிருந்து அருவியாய் வீழ்கிறது. அந்நீர் வீழ்ந்தோடாமல் அவ்வுயரமளவும் ஒரு தூணைப்போல் நிற்குமாயின், அதன் அடியில் நிற்பவன் தாங்கவேண்டிய அழுத்தம், நாம் கடற்கரையில் தாங்கும் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்காகும். அத்துணை அழுத்தத்தின்கீழ் மனித உடல் என்ன ஆகும், மனித அறிவு என்ன ஆகும் என்பதைப் பிறர்மீது சோதித்துப் பார்க்க விரும்பாமல், தம் உடலையே சோதனைக் களமாக்கிய பேரறிஞர் ஒருவர் இருந்தார். அவரே ஜே. பி. எஸ். ஹால்டேன் ஆவார். ஆங்கில நாட்டில் பிறந்து, இந்திய நாட்டைத் தம் நாடாக ஏற்று, இம்மண்ணிலேயே மறைந்த அப்பெரியாரின் வரலாறு நாம் அறிந்து போற்றுதற்குரியது.

பிறப்பும் வளர்ப்பும்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். இவருடைய தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சியக்கத்தைப் பற்றி ஆராய்ந்து புகழ் பெற்ற மருத்துவ அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் வெடி நேர்ந்தபொழுது தொழிலாளர் பலர் தீயினால் மாண்டனர் என்றே மக்கள் எண்ணியிருந்தனர். அவருட் பெரும்பாலோர் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை உட்கொண்டே மாண்டனர் என்பதை 1896இல் விளக்கியவர் அத்தந்தையாரே. சுரங்கத்துக்குள் செல்வோர் சிறு பறவைகளை உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். மனிதர் மயங்குவதற்கு முன்னரே அவை மயங்கி வீழ்ந்து ஆபத்தை அறிவிக்கும் என்று வழி கூறியவரும் அவரே.

தந்தையார் தம் மைந்தரை வீட்டில் வைத்துப் பாடம் சொல்லியதோடு நிறைவடையவில்லை. தாம் ஆராயச் சென்ற சுரங்கங்களுக்கும் அழைத்துச் சென்றார். ஒருநாள் தீப்பற்றும் வாயு நிறைந்த சுரங்கப் பகுதி ஒன்றில் சிறுவரை நிற்கச் செய்து, சேக்சுபியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் வரும் ஆண்டனியின் பேருரையை ஒப்பிக்குமாறு பணித்தார். சிறுவர் சில அடிகளைக் கூறுவதற்குள் மூச்சுத் திணறியது, கால்கள் தள்ளாடின, கீழே வீழ்ந்தார். வீழ்ந்த இடத்தில் மூச்சு எளிதாக வந்தது. அவ்வாயு காற்றினும் இலேசானது. ஆதலின் அது மேற்பகுதியிலேயே நிற்கும். தரையோரத்தில் நல்ல காற்று இருக்கும். இவ்வுண்மையை ஏட்டிற் படித்திருந்தால் அவர் மறந்திருக்கவும் கூடும். உடலால் உணர்ந்தமையால் வாழ்நாள் முழுவதும் மறந்திலர். ஆபத்தைக் கண்டு அஞ்சி ஓடுதலும் கூடாது. அறியாமல் அதனுள் புகுதலும் கூடாது. அதன் இயல்பை அளந்தறிதல் வேண்டும். இதுவே அவர் இளமையில் கற்ற முதற்பாடம்.

கடலடியில் ஒரு பாடம்

அக்காலத்தில் கடற்படையில் மூழ்குநர்களாகப் பணியாற்றியோர் கொடிய நோய் ஒன்றுக்கு ஆளாயினர். ஆழத்தில் இருக்கும்பொழுது அவர்களுக்கு யாதொரு துன்பமும் இல்லை. மேலே ஏறி வந்த பின்னரே மூட்டுகளில் தாங்கொணா வலி தோன்றும். சிலர்க்குக் கால்கள் செயலிழக்கும். சிலர் மாண்டும் போவர்.

இந்நோய் எவ்வாறு உண்டாகிறது? நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்னும் வாயு ஆகும். மூழ்குநர் ஆழத்தில் அமுக்கப்பட்ட காற்றை உட்கொள்ளுந்தோறும் அந்நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கொழுப்பிலும் மிகுதியாகக் கரைகிறது. அவர் மெல்ல ஏறி வந்தால், கரைந்த வாயு நுரையீரல் வழியே சிறிது சிறிதாக வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதுபோல, உடலுக்குள்ளேயே குமிழிகள் பொங்கும். அவை குருதியோட்டத்தை அடைக்கும், நரம்புகளை நெரிக்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நம் நாட்டுப் பரதவர், கடற்பரப்பில் இழுத்த ஒரே மூச்சோடு கல்லைப் பற்றி மூழ்கி, அம்மூச்சு முடிவதற்குள் மேலே வந்தனர். ஆழத்தில் காற்றை உட்கொள்ளாமையால் இந்நோய் பெரும்பாலும் அவர்களை அணுகவில்லை. ஆழத்திலேயே நெடுநேரம் மூச்சுவிட்டுப் பணியாற்றும் கருவிகள் வந்த பின்னரே இது பெருகிற்று.

ஆங்கிலக் கடற்படையார் வேண்டிக்கொண்டபடி மூத்த ஹால்டேன் இதனை ஆராய்ந்தார். எஃகு அறையில் வெள்ளாடுகளை வைத்து, காற்றின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் நோக்கினார். இரு மடங்கு அழுத்தத்திலிருந்து இயல்பான அழுத்தத்துக்கு உடனே வந்தால் தீங்கு நேர்வதில்லை என்பது தெளிவாயிற்று. அவ்வாறாயின், ஆறு மடங்கிலிருந்து மூன்று மடங்குக்கும் அவ்வாறே வரலாம் அன்றோ? எனவே மூழ்குநர் முதலில் பாதி அழுத்தம் உள்ள இடம்வரை ஏறுக. பின்னர்ப் படிப்படியாக ஆங்காங்கு நின்று ஏறுக என்று அவர் வகுத்தார். எந்த ஆழத்தில் எத்துணை நேரம் இருந்தவர், எங்கெங்கு எத்துணை நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு அட்டவணையும் அமைத்தார். 1908இல் அது நூல்வழி வெளியாயிற்று. பின்வந்தோர் அதன் எண்களைத் திருத்தியுள்ளனர். எனினும் அதன் அடிப்படைக் கருத்து இன்றும் நிலைத்து நிற்கிறது.

இவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி 1906ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ராத்சே என்னும் ஊருக்கு அருகில் கடலில் நிகழ்ந்தது. கடற்படையைச் சேர்ந்த டாமண்ட், கேட்டோ என்னும் இருவர் 210 அடி ஆழம்வரை சென்று நலமே மீண்டனர். அங்கு உடன் சென்றிருந்த இளைய ஹால்டேனுக்கு அப்பொழுது வயது பதின்மூன்று. அவரும் மூழ்கிப் பார்க்கத் தந்தையார் இசைந்தார். மூழ்குநர் அங்கி சிறுவரின் உடலுக்கு மிகப் பெரியது. கைப்பட்டை தளர்ந்திருந்தமையால் குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து மெல்ல மெல்ல ஏறியது. சிறுவர் கலங்கினாரல்லர். தலைக்கவசத்தின் காற்றுத் திறப்பை எவ்வாறு திருப்பினால் உள்ளே காற்று நிறைந்து நீரைத் தடுக்கும் என்பதை முன்னரே கற்றிருந்தார். கற்றவாறு செய்து நின்று, உரிய நேரத்தில் மேலே வந்தார். துணிவு அவரைக் காத்தது என்பர் சிலர். முன்னரே கற்றிருந்த அறிவே அவரைக் காத்தது என்பதே உண்மை.

போரும் புலமையும்

ஆக்ஸ்போர்டில் கல்வியை முடித்த ஹால்டேன், முதல் உலகப் போரில் படைவீரராகச் சேர்ந்தார். 1915இல் பகைவர் குளோரின் வாயுவை ஏவியபொழுது, அதிலிருந்து வீரர்களைக் காக்கும் முகமூடியை ஆராயத் தந்தையார் பிரான்சுக்குச் சென்றார். மைந்தரும் அவருடன் சேர்ந்து, நச்சுவாயு நிறைந்த அறையில் தாமே அமர்ந்து முகமூடிகளைச் சோதித்தார். பின்னர் மெசபொட்டேமியாப் போர்க்களத்தில் காயமுற்று, உடல் தேறும்பொருட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அப்பொழுது இந்நாட்டின்மீது கொண்ட அன்பு அவர் உள்ளத்தில் விதையாய் ஊன்றியது.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் லண்டன் யுனிவர்சிட்டிக் கல்லூரியிலும் பணியாற்றினார். மரபியலைக் கணிதத்தின் துணையால் வளர்த்து உலகப் புகழ் பெற்றார். ஆயினும் தம் உடலைக் கொண்டு ஆராயும் வழக்கத்தைக் கைவிட்டாரல்லர். குருதியின் அமிலத் தன்மை மூச்சியக்கத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிய வேண்டிச் சில உப்புகளைத் தாமே உட்கொண்டு, நாட்கணக்கில் மூச்சுத் திணறிக் கிடந்ததும் உண்டு.

மூழ்கிய கப்பல்

1939ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தீடிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்ப்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டத்தின்போது மூழ்கிற்று. அதில் இருந்தோர் 103 பேர். தப்பியோர் நால்வரே. எஞ்சிய 99 பேரும் உயிர் துறந்தனர். தப்புவதற்குரிய கருவிகள் இருந்தும் அவர்கள் ஏன் தப்பவில்லை என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. இறந்தோருள் கப்பல் கட்டும் தொழிலாளரும் பலர். தொழிலாளர் சங்கத்தார் வேண்டியதற்கு இணங்க ஹால்டேன் ஆராயப் புகுந்தார்.

ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் பொருது மீண்ட நண்பர் நால்வரைத் துணையாகக் கொண்டு, அவர் ஓர் எஃகு அறையினுள் புகுந்து அதனை அடைக்கச் செய்தார். பலமணி நேரம் சென்றது. தாம் விட்ட மூச்சினால் அவ்வறையில் கரியமிலவாயு பெருகிற்று. தலைவலியும் பெருமூச்சும் தோன்றின. அந்நிலையில் தப்பும் கருவியை அணிந்து பார்த்தனர். கைகள் தடுமாறின, குமட்டல் எழுந்தது. கப்பலில் இருந்தோர் வீரம் குறைந்தவர் அல்லர். நச்சுக் காற்றினால் உடலும் அறிவும் தளர்ந்த பின்னரே தப்ப முயன்றனர் என்பது இதனாற் புலனாயிற்று. காலம் தாழ்த்தாமல் வெளியேறுவதே உயிர் காக்கும் வழி என்பதும் தெளிவாயிற்று.

பத்து மடங்கு அழுத்தம்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. கடலடியில் பணிபுரிவோரைக் காக்கும் ஆராய்ச்சியைக் கடற்படையார் ஹால்டேனிடம் ஒப்படைத்தனர். கேஸ் என்னும் நண்பரும், பிற்காலத்தில் ஹால்டேனை மணந்த ஹெலன் ஸ்பர்வே அம்மையாரும் உடன் உழைத்தனர். கிளியூர் அருவியின் உயரத்தைப்போன்ற 300 அடி நீரின் அடியில் எத்துணை அழுத்தம் இருக்குமோ, அத்துணை அழுத்தத்தை எஃகு அறையில் உண்டாக்கி, அதனுள் அமர்ந்து கணக்குப் போட்டனர். நுண்ணிய கைவேலைகளைச் செய்து பார்த்தனர். பனிக்கட்டி மிதக்கும் நீரில் கிடந்தும் பார்த்தனர்.

கண்ட உண்மைகள் வியப்பூட்டுவன. அத்துணை அழுத்தத்தில் நைட்ரஜனே மதுவைப்போல் மயக்கம் தருகிறது. கற்றறிந்தோரும் எளிய கணக்கில் இடறினர். இம்மயக்கத்தில் உள்ளவன் தான் மயங்கியிருப்பதை அறியான் என்பதே பெருங்கேடு. உயிர் காக்கும் பிராணவாயுவும் அழுத்தம் மிகுந்தால் நஞ்சாகிறது. சுவையற்றது என்று நூல்கள் கூறும் அவ்வாயு, மிகுந்த அழுத்தத்தில் நாவுக்குச் சுவையுடையதாகத் தோன்றுவதையும் ஹால்டேன் கண்டார். சில நிமிடங்களில் முகத் தசைகள் துடிக்கும். பின்னர் வலிப்பு வரும். நீருக்குள் இவ்வலிப்பு வருமாயின் உயிர் பிழைத்தல் அரிது. இதனைத் தாங்கும் ஆற்றல் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர்க்கே நாளுக்கு நாள் மாறும் என்பதும் அப்போர்க்கால ஆராய்ச்சிகளால் தெரியவந்தது.

இவ்வறிவுக்கு ஹால்டேன் கொடுத்த விலை சிறிதன்று. வலிப்பு ஒன்றில் அவர் முதுகெலும்பு நசுங்கியது. அவ்வலி பின்னரும் அவரை விடவில்லை. செவிப்பறை கிழிந்தது. அக்கிழிசல் வழியே புகையிலைப் புகையை வெளிவிடக் கூடும் என்று அவர் அதனையும் வேடிக்கையாக்கிப் பேசுவார். ஸ்பர்வே அம்மையாரும் வலிப்புக்கு ஆளானார். எனினும் அவர்தம் செயலை முரட்டுத் துணிச்சல் என்று எண்ணுதல் தவறு. அறைக்கு வெளியே காவல் இருந்தது. அழுத்தமும் நேரமும் அளக்கப்பட்டன. நேர்ந்தவை யாவும் குறிக்கப்பட்டன. பிறர் ஒருவரும் அவ்வாபத்தில் மீண்டும் புகாதிருத்தற்கே அவர் புகுந்தார். அவரைப்போல் ஆபத்தில் புகுதல் அவரைப் பின்பற்றுவதாகாது. அவர் கண்ட அளவுக்குள் நிற்றலே அவரைப் பின்பற்றுவதாகும்.

இன்று மூழ்குவோர்க்கு

1943இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, காகனான் என்னும் இருவர் முதுகில் சுமக்கும் காற்றுக் கருவியை அமைத்தனர். அதன்பின், கடலடிக் காட்சிகளைக் காணும் இன்பத்துக்காகவே மூழ்குவோர் தொகை பெருகிற்று. ஸ்கூபா என வழங்கும் இவ்விளையாட்டு இன்று புதுச்சேரிக் கடலிலும், அந்தமான், இலட்சத்தீவுக் கடல்களிலும் நிகழ்கிறது. இவ்வாறு மூழ்குவோர் கைக்கொள்ளும் விதிகளுட் பல, ஹால்டேன் குடும்பத்தார் தொடங்கிய ஆராய்ச்சியின் வழியில் வந்தவை.

ஆஸ்துமாவும் வலிப்பும் இருதய நோயும் உடையோர் மருத்துவரின் இசைவின்றி மூழ்குதல் கூடாது. சளி பிடித்துச் செவி அடைத்திருக்கும் நாளிலும் மூழ்குதல் கூடாது. இறங்கும்பொழுது செவியின் அழுத்தத்தை அடிக்கடி சமன்செய்துகொள்ள வேண்டும். வலி தோன்றினால் மேலும் இறங்கலாகாது. எக்காரணத்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறலாகாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிறைத்த காற்று, நீர்மட்டத்துக்கு வரும்போது இரு மடங்காக விரியும். வெளியேற வழியில்லையெனில் நுரையீரலைக் கிழிக்கும். மயக்கத்துக்கு அஞ்சி, பயிற்சி மிக்கோரும் இவ்விளையாட்டில் 40 மீட்டருக்குக் கீழே செல்வதில்லை. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் மெல்ல ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருதல் நன்று. தனியே மூழ்காமல் துணையோடு மூழ்க வேண்டும். நோய்க்குறி தோன்றினால், அதனைக் களைப்பென்று எண்ணி உறங்கிவிடாமல், பிராணவாயு கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனையை நாட வேண்டும்.

மலைநாட்டார் சிறப்பாகக் கருதவேண்டிய விதி ஒன்று உண்டு. காலையில் கடலில் மூழ்கியவன் மாலையில் ஏற்காட்டு மலையில் ஏறுவானாயின், அங்குக் காற்றின் அழுத்தம் குறைவாதலின், உடலில் எஞ்சியுள்ள நைட்ரஜன் குமிழியாகக் கூடும். வானூர்தியில் செல்வோர்க்கும் இவ்வாபத்து உண்டு. ஆதலின் ஒருமுறை மூழ்கியோர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியோர் குறைந்தது 18 மணி நேரமும் உயர்ந்த இடங்களுக்குச் செல்லாதிருத்தல் வேண்டும். படிப்படியாக ஏறுக என்று 1908இல் கூறப்பட்ட உண்மையின் விரிவே இது.

இந்தியாவில் ஹால்டேன்

1957இல் ஹால்டேன் லண்டனை விட்டு இந்தியாவுக்கு வந்தார். பேராசிரியர் மகலனோபிஸ் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணிபுரிந்தார். இந்திய உடை அணிந்தார். புலால் உண்ணுதலை விட்டார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். பெரும் பொருட்செலவுள்ள கருவிகள் இல்லையே என்று ஏங்கிய இளைஞர்களுக்கு, கண்ணும் பொறுமையும் கணக்கும் இருந்தால் வயலிலும் தோட்டத்திலும் ஆராயலாம் என்று செய்து காட்டினார். 1962இல் ஒரிசா மாநிலத்துப் புவனேசுவரத்துக்குச் சென்று, மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்.

அதன்பின் புற்றுநோய் அவரைப் பற்றியது. தம் நோயையே பொருளாக வைத்து 1964இல் நகைச்சுவைப் பாட்டு ஒன்றை எழுதி வெளியிட்டார். நோய்க்குறி கண்டவுடன் நாணாமலும் அஞ்சாமலும் மருத்துவரை அணுகுக என்பதே அதன் கருத்து. தம் துன்பத்தையும் பிறர்க்கு எச்சரிக்கையாக்கும் அவ்வியல்பு இறுதிவரை மாறவில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் புவனேசுவரத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் எழுதி வைத்திருந்த விருப்பத்தின்படி, மாணவர் கற்றற்பொருட்டு அவருடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. பதின்மூன்றாம் வயதில் தந்தையாரின் ஆராய்ச்சிக்காகக் கடலில் இறங்கிய உடல், உயிர் நீங்கிய பின்னரும் கல்விக்கே பயன்பட்டது.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் கூறினர். அவ்வாழத்தை அறிதற்பொருட்டே ஒருவர் முதலில் இறங்கவேண்டியிருந்தது. அவர் அளந்து தந்த அளவு நம் கையில் இருக்கிறது. அதனை மதித்து நடப்பது அச்சம் அன்று, அறிவுடைமை ஆகும்.